விருதுநகர் விலையும் வெம்பக்கோட்டைக் கணக்கும்

தென்மாவட்டத்து நாளிதழ்களில் 'விருதுநகர் மார்க்கெட் நிலவரம்' என்று ஒரு சிறு பட்டியல் வரும். கடலை எண்ணெய் 15 கிலோ டின் என்ன விலை, பாமாயில் டின் என்ன விலை, துவரம்பருப்பு 100 கிலோ மூடை என்ன விலை, வத்தல் குவிண்டால் என்ன விலை என்று வரிசையாக இருக்கும். சாதாரண வாசகர் அதைத் தாண்டிப் போய்விடுவார். மளிகைக்கடைக்காரர் அதைத்தான் முதலில் தேடுவார். விருதுநகர் விளைச்சலுக்குப் பேர்போன ஊர் அல்ல; சுற்றிலும் கரிசல் மண்ணும் மானாவாரியும்தான். எண்ணெய், பருப்பு, வத்தல் என்று வியாபாரத்தால் எழுந்து நின்ற ஊர் அது. அங்கே டின்னுக்கும் மூடைக்கும் சொல்லும் விலையை வைத்துத்தான் தெற்கத்திச் சில்லறைக் கடைகள் பல தங்கள் விலையை எழுதுகின்றன.

அதே மாவட்டத்தில்தான் வெம்பக்கோட்டை இருக்கிறது. வைப்பாற்றங்கரையில் விஜயகரிசல்குளம் மேட்டில் 2022ல் தொடங்கிய அகழாய்வால் இன்று அந்தப் பெயர் வெளியூருக்குத் தெரிகிறது. கண்ணாடி மணிகளும் சங்கு வளையல்களும் கிடைத்த மண் அது. ஆனால் அங்கே வாழ்கிறவர்களின் அடுப்பை எரியவைப்பது பட்டாசு. தாயில்பட்டி, ஏழாயிரம்பண்ணை, விஜயகரிசல்குளம் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்று பட்டாசு ஆலை, இல்லையென்றால் அதற்குக் குழாய் சுருட்டித் தரும் வீடு. இந்த வட்டாரத்துப் பெண் ஒருவர் அண்ணாச்சி கடையில் பத்து ரூபாய்க்கு எண்ணெயும் கால் கிலோ பருப்பும் வாங்குகிறார். டின் விலையும் மூடை விலையும் முடிவாகும் மாவட்டத்தில் இருந்துகொண்டே, சில்லறையிலும் சில்லறையான விலைக்கு அவர் வாங்க வேண்டியிருக்கிறது. இந்த இடைவெளியை எதனால் குறைக்க முடியும்? கடைகள் தரும் கூப்பனாலா, தள்ளுபடியாலா, சீட்டாலா, ரேஷன் கார்டாலா? இந்தக் கட்டுரை ஆராய்வது அதைத்தான்.

கூப்பனின் வரலாறு அமெரிக்காவில் தொடங்குகிறது. 1887 வாக்கில் அட்லாண்டாவில் கோகோ கோலா நிறுவனத்தார் ஒரு தம்ளர் பானம் இலவசம் என்று சீட்டு அச்சடித்துக் கொடுத்தார்கள். 1913க்குள் ஏறத்தாழ 85 லட்சம் இலவசத் தம்ளர்கள் அப்படிப் போனதாக ஒரு மதிப்பீடு உண்டு. பிறகு மளிகைப் பொருள்களுக்கும் கூப்பன் பரவியது. நாளிதழில் வரும் கட்டத்தைக் கத்தரித்து எடுத்துப்போய்க் கடையில் கொடுத்தால் சில சென்ட் குறையும். கம்பெனிகள் ஏன் விலையை நேரடியாகக் குறைக்காமல் இப்படிச் சுற்றிவளைக்கின்றன என்ற கேள்விக்கு, 1984ல் சக்கரவர்த்தி நரசிம்மன் என்ற பொருளியல் அறிஞர் 'மார்க்கெட்டிங் சயின்ஸ்' இதழில் ஒரு விளக்கம் தந்தார். விலையைப் பார்த்துப் பார்த்து வாங்குகிறவர் ஒரு வகை, எந்த விலையானாலும் வாங்கிவிடுகிறவர் இன்னொரு வகை. இருவரையும் பிரித்தெடுக்கும் சல்லடை கூப்பன். கத்தரிக்கவும் சேர்த்துவைக்கவும் தேடிப்போகவும் நேரம் வேண்டும். யாருடைய நேரத்துக்கு விலை குறைவோ அவர் கூப்பனைப் பயன்படுத்துவார். அவருக்கு மட்டும் விலை குறையும். மற்றவர் முழு விலை கொடுப்பார்.

இந்த விளக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெம்பக்கோட்டையைப் பார்த்தால் கணக்கு தலைகீழாகிறது. பட்டாசு ஆலையில் பெரும்பாலான வேலைக்கு உருப்படிக் கூலி. எத்தனை குழாய் சுருட்டினோம், எத்தனை பெட்டி அடைத்தோம் என்பதற்குத்தான் காசு. ஒரு மணி நேரம் வேறு வேலைக்குப் போனால் அந்த மணி நேரக் கூலி போயிற்று. ஆலைக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்து குழாய் சுருட்டுகிறவருக்கும் அதே நிலைதான். வீட்டில் இருக்கிறார் என்பதால் அவருடைய நேரம் சும்மா கிடப்பதில்லை. மாதச் சம்பளக்காரருக்கு அப்படிக் கூலி குறையாது. கூப்பனும் ஆஃபரும் தேடிக் கடை கடையாக ஏறலாம். வருமானம் குறைந்தவருக்கு நேரம் மலிவு என்று பாடப்புத்தகம் எடுத்துக்கொள்வது உருப்படிக் கூலி வாங்குகிறவருக்குப் பொருந்தாது.

கடைக் கூப்பன் நேரத்தை மட்டும் கேட்பதில்லை. 1,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் 50 ரூபாய் தள்ளுபடி என்றால், முதலில் கையில் 1,000 ரூபாய் மொத்தமாக இருக்க வேண்டும். வாங்கியதைக் கொண்டுவர வண்டி வேண்டும். எலியும் வண்டும் அண்டாமல் வைக்கப் பாத்திரம் வேண்டும். செயலியில் வரும் கூப்பனுக்கு ஸ்மார்ட்போனும் அதற்கு ரீசார்ஜும் வேண்டும். சிவகாசிக்கோ சாத்தூருக்கோ போய்த்தான் சூப்பர் மார்க்கெட்டில் வாங்க முடியும் என்றால் அரைநாள் வேண்டும். 50 ரூபாயை மிச்சம்பிடிக்க இத்தனையும் முதலீடு.

தமிழ்நாட்டில் ஏழைக் குடும்பங்களை நிஜமாகவே எட்டிய ஒரு கூப்பனும் இருந்தது. 1983ல் சி.கே. ரங்கநாதன் தொடங்கிய சிக் ஷாம்பு கிராமக் கடைகளில் பரவியபோது, காலி ஷாம்பு பாக்கெட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்று அறிவித்தார்கள். முதலில் எந்தக் கம்பெனியின் காலி பாக்கெட்டாக இருந்தாலும் வாங்கிக்கொண்டார்கள். பழக்கம் பிடித்த பிறகு சிக் பாக்கெட் மட்டும் செல்லும் என்று மாற்றினார்கள். அது ஏன் எடுபட்டது என்று யோசித்தால், மேலே சொன்ன நிபந்தனை ஒன்றுகூட அதில் இல்லை. மொத்தப் பணம் வேண்டாம், நாளிதழ் வேண்டாம், ஊரைவிட்டுப் போக வேண்டாம். குப்பையில் போகும் பாக்கெட்டே கூப்பன். தெருமுனைக் கடையே அதைச் செலுத்தும் இடம். சில்லறையாக வாங்குகிறவரின் கைக்கு ஏற்றபடி யோசித்தால் வழி இருக்கிறது என்பதற்கு அது சாட்சி. ஆனால் அது ஷாம்புவுக்கு. துவரம்பருப்புக்கு அப்படி ஒரு காலி பாக்கெட் இதுவரை வரவில்லை.

தள்ளுபடி என்பதைப் பற்றி வெம்பக்கோட்டைக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. பட்டாசுப் பெட்டியில் அச்சடித்திருக்கும் விலைக்கு அந்த வட்டாரத்தில் யாரும் பட்டாசு வாங்குவதில்லை. 80 சதவீதம் தள்ளுபடி என்று விலைப்பட்டியல் போடுவது சிவகாசி வியாபாரத்தில் சகஜம். பெட்டியில் 500 ரூபாய், கையில் 100 ரூபாய். பொட்டலப் பொருளின் மேல் அச்சடிப்பது அதிகபட்சச் சில்லறை விலை. அதற்குமேல் விற்றால்தான் குற்றம், கீழே எவ்வளவு இறக்கினாலும் சட்டம் கேட்காது. ஆகவே தள்ளுபடி சதவீதம் எவ்வளவு என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. எந்த விலையிலிருந்து தள்ளினார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். பட்டாசில் இதைக் கரைத்துக் குடித்தவர்கள், மசாலாப் பொடி பாக்கெட்டிலும் சோப்பிலும் அதே கண்ணோடு பார்ப்பதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். ஒரு கிராம் இவ்வளவு, ஒரு மில்லி இவ்வளவு என்ற அலகு விலையையும் பாக்கெட்டில் அச்சடிக்க வேண்டும் என்று இப்போது விதி இருக்கிறது. விலையை ஏற்றாமல் எடையைக் குறைக்கும் ஐந்து ரூபாய், பத்து ரூபாய்ப் பாக்கெட்டுகளை ஒப்பிட இதைவிட நல்ல கருவி கிடையாது. எழுத்து மட்டும் பொடியாக இருக்கும்.

இனி, பணம் எப்போது வருகிறது என்பதைப் பார்ப்போம். சிவகாசி வட்டாரத்தில் பட்டாசுக்கு வாரச் சம்பளம். சனிக்கிழமை சாயங்காலம் கைக்கு வரும். கம்பெனி வண்டியிலிருந்து இறங்கியதும் விரலில் ஒட்டிய அலுமினியப் பொடி முழுதும் போயிராத கையோடு கடைக்கு வருகிறார்கள். அண்ணாச்சி நோட்டைத் திறக்கிறார். போன வாரத்துப் பாக்கி முதலில் கழியும். மீதியில் இந்த வாரத்துச் சாமான். புதன்கிழமைக்குள் கையிருப்பு தீர்ந்துபோக, மறுபடியும் நோட்டில் ஏறும். இந்த நோட்டுக்கு வட்டி என்று யாரும் எழுதுவதில்லை. ஆனால் நோட்டில் வாங்குகிறவர் விலை கேட்க முடியாது, தரம் கேட்க முடியாது, எதிர்க்கடையில் இரண்டு ரூபாய் குறைவு என்று போக முடியாது. வட்டி அந்த மூன்றிலும் கலந்திருக்கிறது. அண்ணாச்சியைக் குறை சொல்லி ஆவதில்லை. அவருக்கும் வராத பாக்கி உண்டு. ஆலை மூடிக்கிடக்கும் மாதங்களில் அந்தக் குடும்பங்களுக்குக் கடன் கொடுக்க வேறு யார் இருக்கிறார்கள்? கையில் ரொக்கம் இல்லாதவருக்குக் கூப்பன் செல்லாது என்பதுதான் நான் சொல்ல வருவது. நோட்டில் எழுதி வாங்குகிறவருக்கு உலகத்தில் எந்தக் கடையும் தள்ளுபடி தருவதில்லை.

ஆலை மூடும் மாதங்கள் என்று சொன்னேன். தீபாவளி முடிந்தால் சில வாரங்களுக்கு வேலை இருக்காது. மழை பிடித்தால் மருந்து காயாது, அதற்கும் விடுமுறை. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் நைட்ரேட்டுக்கும் சரவெடிக்கும் தடை விதித்துத் தீர்ப்பு சொன்ன பிறகு, ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. 2019 மார்ச் வாக்கில்தான் வேலை மீண்டும் தொடங்கியது. அந்த மாதங்களில் வாரச் சம்பளம் நின்றது, நோட்டு நிரம்பியது. குடும்ப அட்டைக்கு வரும் அரிசி மட்டும் நிற்கவில்லை.

அந்த அட்டைதான் என் பார்வையில் இந்த வட்டாரத்தின் உண்மையான கூப்பன். இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பஞ்சத்தில் பிறந்தது ரேஷன். 1952ல் முதலமைச்சரான ராஜாஜி அரிசிக் கட்டுப்பாட்டை நீக்கினார். பின்னால் வெவ்வேறு வடிவங்களில் அது திரும்பி வந்தது. 1997ல் மத்திய அரசு வறுமைக் கோட்டுக்குக் கீழே, மேலே என்று குடும்பங்களைப் பிரித்தபோது தமிழ்நாடு அந்தக் கோட்டைத் தன் கடைகளில் போடவில்லை. 2007ல் சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் பருப்பும் பாமாயிலும் சேர்ந்தன. 2008 செப்டம்பரில் அரிசி கிலோ ஒரு ரூபாய் ஆனது; 2011 ஜூனிலிருந்து இலவசம். 2016 நவம்பரில் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்ந்த பிறகும் எல்லோருக்கும் கார்டு என்ற கொள்கையைக் கைவிடவில்லை. 2017 ஏப்ரலில் காகித அட்டை ஸ்மார்ட் கார்டானது.

பணமாகத் தரும் சீட்டுக்கும் பொருளாகத் தரும் சீட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இலங்கை அனுபவம் நன்றாகக் காட்டுகிறது. அங்கே 1942ல் தொடங்கிய பங்கீட்டு முறையை இன்றும் முதியவர்கள் கூப்பன் அரிசி என்றே நினைவுகூர்வார்கள். 1953ல் ஒரு கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறியதும் ஆகஸ்ட் 12 அன்று நாடே ஹர்த்தாலில் இறங்கியது; பிரதமர் டட்லி சேனநாயக்க அதே ஆண்டு பதவி விலகினார். 1979ல் அந்தப் பங்கீட்டை எடுத்துவிட்டு, இத்தனை ரூபாய் என்று மதிப்பு எழுதிய உணவு முத்திரைகளைக் கொடுத்தார்கள். விலைவாசி ஏறியது, முத்திரையில் எழுதிய ரூபாய் ஏறவில்லை. சில ஆண்டுகளிலேயே அது வாங்கித்தரும் அரிசியின் அளவு குறைந்துவிட்டது. நம்முடைய கார்டில் கிலோவும் லிட்டரும்தான் கணக்கு. சந்தையில் பருப்பு என்ன விலைக்கு ஏறினாலும் கார்டுக்கு ஒரு கிலோ ஒரு கிலோதான். ரேஷனை எடுத்துவிட்டுப் பணமாகவே கொடுத்துவிடலாமே என்று அவ்வப்போது எழும் யோசனையை நான் ஏற்காததற்கு இதுதான் காரணம்.

ஒரு நால்வர் குடும்பத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். துவரம்பருப்பு ரேஷனில் 30 ரூபாய். வெளியில் 120 என்று வைத்தால் கிலோவுக்கு 90 ரூபாய் மிச்சம். பாமாயில் 25 ரூபாய். வெளியில் 125 என்று வைத்தால் 100 ரூபாய். சர்க்கரை கிலோ 25 ரூபாய். வெளியில் 44 என்றால் இரண்டு கிலோவுக்கு 38 ரூபாய். அரிசி 20 கிலோ இலவசம். அதில் 12 கிலோவையாவது இட்லி மாவுக்கும் சோற்றுக்கும் எடுத்துக்கொண்டு, அந்த அளவுக்கு வெளியில் 35 ரூபாய் அரிசி வாங்குவதைத் தவிர்த்தால் 420 ரூபாய். எல்லாம் சேர்த்து மாதம் 648 ரூபாய். ஆண்டுக்கு 7,700க்கு மேல். 1,000 ரூபாய்க்கு 50 தள்ளுபடி தரும் கடைக் கூப்பனில் இதே மிச்சம் கிடைக்க வேண்டுமென்றால் மாதம் ஏறத்தாழ 13,000 ரூபாய்க்குச் சாமான் வாங்க வேண்டும்.

     

மேலே போட்ட 648 ரூபாய்க் கணக்கு, எல்லாப் பொருளும் ஒரே நடையில் கிடைத்தால்தான் செல்லும். இங்கேதான் நரசிம்மனின் சல்லடை மறுபடியும் வருகிறது. நாளுக்கு 400 ரூபாய் சம்பாதிக்கிறவர் அரைநாள் விட்டுக் கடைக்குப் போனால் 200 ரூபாய் போகிறது. அரிசியும் சர்க்கரையும் வாங்கிக்கொள்ளலாம். "அக்கா, பருப்பு இன்னும் வரலை, அடுத்த வாரம் வாங்க" என்று கடைக்காரர் சொன்னால், அடுத்த வாரம் இன்னொரு அரைநாள். 90 ரூபாய் மிச்சமாகும் பருப்புக்கு 200 ரூபாய்க் கூலியை விட வேண்டும். எந்தப் பெண்ணும் அந்தக் கணக்கைச் சரியாகவே போட்டு, அண்ணாச்சி கடையில் கால் கிலோ வாங்கிவிடுகிறார். பருப்பு வேண்டாம் என்று விட்டதாக அரசின் பதிவேட்டில் இருக்கும். அவர் விடவில்லை, தாமதம் அவரை விடவைத்தது. 2024 மே மாதத்துப் பருப்பும் பாமாயிலும் தாமதமாகி, அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம் என்று அரசே அறிவிக்க நேர்ந்தது. அந்த அறிவிப்பு நல்லதுதான். ஆனால் உருப்படிக் கூலிக்காரருக்கு அடுத்த மாதம் என்பது இன்னொரு அரைநாள்.

கடை திறக்கும் நாளில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. அது பலருக்குத் தெரிவதில்லை. மாதத்தின் முதல் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ரேஷன் கடை திறந்திருக்கும். அதற்குப் பதிலாக முதல் இரண்டு வெள்ளிக்கிழமைகள் விடுமுறை. ஞாயிறு விடுமுறையுள்ள ஆலைத் தொழிலாளிக்கு இதைவிட வசதி இல்லை. அந்த இரண்டு ஞாயிறுக்குள் எல்லாச் சரக்கும் கடையில் இருந்தால் கூலி இழப்பே இல்லாமல் முழுப் பங்கும் வாங்கலாம். ஆக, வெம்பக்கோட்டையில் மளிகைச் செலவைக் குறைக்க அரசு புதிதாக ஒரு மானியம் அறிவிக்க வேண்டியதில்லை. முதல் ஞாயிறுக்குள் பருப்பும் எண்ணெயும் வந்துசேர்ந்தால் அதுவே பெரிய மானியம்.

விரல்ரேகை இன்னொரு தடை. காகிதமும் பசையும் மருந்தும் நாள் முழுதும் உரசிய விரலை இயந்திரம் அடையாளம் காணத் திணறும். கருவிழிப் பதிவுக் கருவி இருக்கும் கடைகளில் இது தீர்கிறது. பொருள் வாங்கியதும் பதிவு செய்த செல்போனுக்குக் குறுஞ்செய்தி வர வேண்டும். வாங்காத பொருளை வாங்கியதாகச் செய்தி வருகிறது என்ற புகார் தமிழ்நாடு முழுக்க உண்டு. பழைய சிம்மைத் தூக்கிப்போட்டு எண்ணை மாற்றாமல் விட்டவர்களுக்கு அந்தச் செய்தியே வராது. வயதானவர்களுக்கு 2025 ஆகஸ்ட் 12 அன்று தொடங்கிய தாயுமானவர் திட்டம் வீட்டு வாசலுக்கே பொருளைக் கொண்டுவருகிறது. மருமகள் ஆலைக்குப் போன வீட்டில் தனியே இருக்கும் பாட்டிக்கு அது பேருதவி.

ரேஷன் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நான் சொல்லவில்லை. மத்திய அரசின் வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி 2023-24ல் இந்தியக் கிராமங்களில் குடும்பச் செலவில் உணவுக்குப் போவது ஏறத்தாழ 47 சதவீதம். ஆனால் அரிசி, கோதுமை போன்ற தானியங்களுக்கு ஏறத்தாழ 5 சதவீதம்தான். 1999-2000ல் தானியங்களுக்கு மட்டும் 22 சதவீதம் போனது. இன்று பணம் பாலுக்கும் காய்கறிக்கும் முட்டை, மீனுக்கும் எண்ணெய்க்கும் பாக்கெட் பண்டங்களுக்கும் போகிறது. அரிசியோடு நின்றுவிடாமல் பருப்பையும் எண்ணெயையும் 2007ல் சேர்த்தது எவ்வளவு சரியான முடிவு என்பது இந்த எண்களில் தெரிகிறது. உளுந்தை இடையில் நிறுத்தியது அதே அளவுக்குத் தவறு. இட்லியும் தோசையும் வைத்து நாளை ஓட்டும் ஊரில் அரிசி இலவசம், உளுந்து சந்தை விலை என்றால் மாவில் உளுந்துதான் குறையும்.

பருப்பு, எண்ணெய்க்கு அப்பாற்பட்ட சாமானுக்கு இந்த மக்கள் தாங்களே கண்டுபிடித்த வழி தீபாவளிச் சீட்டு. மாதாமாதம் ஒரு தொகை கட்டினால் தீபாவளிக்கு மளிகைச் சாமான், எண்ணெய், பலகாரம், பட்டாசு என்று மொத்தமாகக் கிடைக்கும். சிலர் ஒரு பாத்திரமோ சிறு வெள்ளிக்காசோ சேர்த்துத் தருவார்கள். மாதம் 300 வீதம் 12 மாதம் கட்டினால் 3,600 ரூபாய். அதே பணத்தை 6.5 சதவீத வட்டியில் மாதாமாதம் போட்டிருந்தால் ஏறத்தாழ 127 ரூபாய் வட்டி வந்திருக்கும். ஆகவே 3,727 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சாமான் வந்தால்தான் சீட்டில் லாபம். சாமான் பட்டியலைக் கடை விலையோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் இதைச் சொல்ல முடியாது. ஆனாலும் சீட்டுக்கு ஒரு பலம் உண்டு. வாரச் சம்பளத்தில் பெருந்தொகை சேராது. சீட்டு சேர்த்துத் தருகிறது. மொத்த விலையை எட்ட இந்தக் குடும்பங்களுக்கு இருக்கும் ஒரே ஏணி அது.

அந்த ஏணி ஒடிவதும் உண்டு. கட்டிய பணத்தோடு நடத்தியவர் தலைமறைவாகி, தீபாவளிக்கு முந்தின வாரம் பெண்கள் காவல் நிலையத்தில் நின்ற செய்திகள் வட மாவட்டங்களிலிருந்து பல முறை வந்துவிட்டன. ஏலச் சீட்டு நடத்த 1982ம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு வேண்டும். அனுமதியின்றிப் பொதுமக்களிடம் முதலீடாகப் பணம் திரட்டுவதை 2019ம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடை செய்கிறது. ஏமாந்தவர்கள் பொருளாதாரக் குற்றப்பிரிவை அணுகலாம். தமிழ்நாட்டில் 1997லேயே முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. சட்டம் பணத்தை மீட்டுத்தர ஆண்டுகள் ஆகும். தீபாவளி அதற்குள் பல முறை வந்துபோகும். தெரிந்த தெருவில், தெரிந்த ஆள்களோடு, சிறு தொகையில் கட்டுவதே பாதுகாப்பு.

மொத்தமாக வாங்குவதில் வரும் லாபம் ஏன் இடையில் ஒருவருக்குப் போக வேண்டும்? 1904ல் சென்னை திருவல்லிக்கேணியில் சில பேர் கூடித் தொடங்கிய கூட்டுறவுப் பண்டகசாலை இதே கேள்விக்கு அன்றே விடை சொன்னது. இங்கிலாந்தில் ராச்டேல் நெசவாளர்கள் 1844ல் காட்டிய வழி அது. உறுப்பினர்கள் சந்தை விலைக்கே வாங்குவார்கள். ஆண்டு முடிவில் மிஞ்சும் லாபம், யார் எவ்வளவு வாங்கினார்களோ அந்த விகிதத்தில் அவர்களுக்கே திரும்பும். கடைக்காரர் தரும் கூப்பனில் அவர் விரும்பும்வரைதான் தள்ளுபடி. தாங்களே நடத்தும் கடையில் தள்ளுபடி உரிமை.

பட்டாசு வட்டாரத்தின் மகளிர் குழுக்கள் இதைச் செய்ய முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். குழுவுக்கு 15 பேர் என்று வையுங்கள். மாதம் ஆளுக்கு ஒரு கிலோ எண்ணெய் என்றால் சரியாக ஒரு டின். நாளிதழில் வரும் அதே 15 கிலோ டின். வங்கிக் கணக்கு இருக்கிறது, தீர்மான நோட்டு இருக்கிறது, வாரச் சேமிப்புப் பழக்கம் இருக்கிறது, கணக்கு எழுதத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். விருதுநகர் விலையைப் பார்த்துப் பருப்பு, எண்ணெய், வத்தல், உளுந்து என்று நான்கு பொருளை மட்டும் மாதம் ஒருமுறை மொத்தமாக எடுத்துப் பிரித்துக்கொண்டாலே போதும். 2023 செப்டம்பர் 15 முதல் வரும் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் பலருக்கு மாத நடுவில் கணக்கில் ஏறுகிறது. சனிக்கிழமைச் சம்பளம்போல அது அண்ணாச்சி நோட்டுக்குப் போகாமல், அன்றே குழுவின் கொள்முதலுக்குப் போனால் டின் வாங்க முன்பணம் ஆயிற்று. டவுன் பஸ் ஓடும் தடமாக இருந்தால் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு டிக்கெட்டும் இல்லை. இருவர் போய் விலை பேசி வரலாம்.

பள்ளிக் காலை உணவையும் இந்தக் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எங்கும் விரிந்த திட்டம் அது. விடியற்காலையில் கம்பெனி வண்டிக்கு ஓடும் தாய்க்கு, பிள்ளை பள்ளியில் உப்புமாவோ பொங்கலோ சாப்பிடும் என்பது ரவையின் விலை மட்டுமல்ல, அடுப்படியில் ஒரு மணி நேரமும்கூட. மதிய உணவைத் தமிழ்நாடு முழுதும் கொண்டுசென்ற காமராஜர் பிறந்த மாவட்டத்தில் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கடைக் கூப்பனை வேண்டாம் என்று யாரும் ஒதுக்க வேண்டியதில்லை; கிடைத்தால் பயன்படுத்தலாம். ஆனால் பட்டாசுத் தொழிலாளி வீட்டு மளிகைச் செலவை அது குறைக்காது. அதைக் குறைப்பது சரக்கு நேரத்துக்கு வரும் ரேஷன் கடையும், நோட்டுக்கு வெளியே கையில் நிற்கும் கொஞ்சம் ரொக்கமும், பதினைந்து பேர் சேர்ந்து வாங்கும் ஒரு டின்னும்தான். வெம்பக்கோட்டைப் பக்கத்து வாசகர்கள் இந்த மாதமே மூன்று காரியங்களைச் செய்யலாம். குடும்ப அட்டையில் இருக்கும் செல்போன் எண் இப்போது கையில் இருப்பதுதானா என்று பாருங்கள். முதல் ஞாயிறு கடைக்குப் போய், எல்லாப் பொருளும் வந்திருக்கிறதா என்று கேளுங்கள். வரவில்லையென்றாலும், வாங்காததை வாங்கியதாகச் செய்தி வந்தாலும், 1967 என்ற எண்ணுக்கு அழைத்துச் சொல்லுங்கள். அந்த அழைப்புக்குக் கட்டணம் இல்லை.